பயறு நீலன் என்று சொன்ன வாய்

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என்னைப் பூச்சி அக்கா என்பார்கள். மலாக்கா பக்கம் மெர்லிமாவில் மோட்டார் உதிரிபாகக் கடையில் கல்லாவில் உட்காருபவளுக்கு அது பெரிய பட்டம்தான். ஞாயிறு தவறாமல் புல்லில் குப்புறப் படுத்து, நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகளைப் படம் எடுப்பேன். எங்கள் வண்ணத்துப்பூச்சி வாட்ஸ்அப் குழுவில் யாராவது பெயரைத் தப்பாகப் போட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாய் கொஞ்சம் அதிகம்.

இந்த நீலன்கள் பறக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிறகை மூடி உட்கார்ந்தால்தான் சாயம் வெளுக்கும். சாம்பல் நிற அடிப்பக்கத்தில் வெள்ளை வளையமிட்ட புள்ளிகள் தெரியும். எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் வாசலில் ஒரு சைக்காஸ் நிற்கிறது. குட்டைப் பனைபோல இருக்கும். அங்கிள் நட்டது. ஒவ்வொரு வருடமும் குருத்து ஞாயிறுக்கு அதன் புது ஓலைகளை அவரே வெட்டி, சர்ச் பீடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். போன வருடக் கடைசியில் அவர் தவறிவிட்டார். இந்த வருடம் ஆண்ட்டி கொண்டுபோக வேண்டும். ஃபாதரிடமும் சொல்லி வைத்திருந்தார். சைக்காஸ் மற்ற செடிகளைப்போல இல்லை, புது ஓலைகளை ஒரே தடவையில் மொத்தமாக விடும். அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான்.

குருத்து விரியத் தொடங்கியபோது அதைச் சுற்றி நீலன்கள் பறந்தன. ஆண்ட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏம்மா, இது என்ன பூச்சி? மகன் போன் பண்ணி, மருந்து அடிச்சிருங்கம்மாங்கிறான்."

வேலியில் அவருடைய பயற்றங்காய்க் கொடி. ஒரு நீலன் அதில் வந்து உட்கார்ந்தது. வால் இருந்தது, ஓரத்தில் ஆரஞ்சுப் பொட்டும் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"பயறு நீலன் ஆண்ட்டி. பயற்றங்காய்க்கு வந்திருக்கு. சைக்காஸ தொடாதுலா. மருந்து கிருந்து அடிச்சிராதீங்க, பாவம்."

அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், "அக்கா, பின்சிறகு உடம்போட ஒட்டுற இடத்துல புள்ளி எப்படி இருக்கு, பெருசாக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டிருந்தாள். "நான் இதுல பழம் தின்னு கொட்ட போட்டவ தங்கச்சி," என்று பதில் போட்டேன். நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வாரம் கடையிலிருந்து திரும்பும்போது ஆண்ட்டி செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஓலைகள் நடுநரம்பு மட்டும் மிஞ்சி, பழைய சீப்பு மாதிரி பழுப்பாய்த் தொங்கின. இடுக்கில் பச்சைப் புழுக்கள், அவற்றின் மேல் எறும்புகள்.

"வேற ஏதோ பூச்சி வந்துருச்சு போல," என்றார். "மகன் சத்தம் போடுறான். நீ சொன்ன பூச்சி இதச் செய்யலன்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்குள் வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். பின்சிறகு உடம்போடு ஒட்டும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக, பளிச்சென்று இருந்தன. பயறு நீலனுக்கு அங்கே ஓரிரண்டுதான் இருக்கும். இது சைக்காஸ் நீலன். அதன் புழுவுக்குச் சைக்காஸ் குருத்துதான் சோறு. ஐயோ, என் கண் எங்கே போயிற்று? கொடியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறேன், சிறகின் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் ஆண்ட்டியின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமே. மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன்.

"ஆண்ட்டி, வேற பூச்சி இல்ல. அதே பூச்சிதான். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப மருந்து அடிச்சிருந்தா?"

"ஓலை இருந்திருக்கும் ஆண்ட்டி."

திட்டியிருந்தால் தேவலை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குருத்து ஞாயிறு அன்று, இருந்ததில் கொஞ்சம் பச்சை மிஞ்சிய ஓலைகளை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அன்று நான் படம் எடுக்கப் போகவில்லை. எங்கள் தாமானில் பாதிப் பேர் அதே சர்ச்சுக்குத்தான் போவார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் நேராக என் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஃபாதர் பீடத்துலயே வச்சாரு. என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொன்னேன்."

"ஆண்ட்டி..."

"உன் பேரச் சொல்லலம்மா. பயப்படாத."

காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.