என் வலது இமையைப் பிடித்த விரல்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. எனக்கு. அதுவும் பட்டப்பகலில், மதியச் சாப்பாடு செரிப்பதற்குள். நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று பேய்க்கு யார் ஷிஃப்ட் போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

என் அக்கா ஒரு கண் ஆராய்ச்சிக்கூடத்தில் கேமரா இயக்குகிறாள். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற கேமரா இல்லை. விழித்திரையில் நரம்பு செல்கள் சாவதை, ஆள் உயிரோடு இருக்கும்போதே பிடித்துக் காட்டுகிற கேமரா. முதலில் கையில் ஊசி வழியாக ஒரு சாயம் ஏற்றுவார்கள். ஏற்கெனவே செத்துப்போன செல்லை அது சீண்டாது. சாகத் தொடங்கிய செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

எங்கள் அப்பாவுக்குப் பார்வை போனது இப்படித்தான். வலி இல்லை, சிவப்பு இல்லை. பாதிப் பார்வை போய், திறந்திருந்த கதவின் விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்ட அன்றுதான் அவருக்கே தெரிந்தது. பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். அக்காவுக்குப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. மிச்சம் நான்.

"முட்டைக்கண்ணா, தாடையை இதுல வை. அசைஞ்சே, மண்டையைப் பேத்துருவேன்."

"நோயாளிகிட்ட பேசற பேச்சா இது?"

"நீ நோயாளி இல்ல. தலைவலி."

ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தாள். தாடை ஒரு தட்டில், நெற்றி ஒரு பட்டையில். பின்னந்தலையில் வார் போட்டு இறுக்கியாயிற்று. சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து எல்லாம் மங்கல். எதிரே ஒரு நீலப் புள்ளி. அதையே பார்க்க வேண்டும்.

இடது கண் சுலபமாக முடிந்தது. க்ளிக்... க்ளிக். ஒவ்வொரு க்ளிக்குக்கும் அவள் வளையல் மேஜையில் இடித்தது.

"சுத்தம்டா. ஒரு புள்ளி இல்ல." மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஒண்ணுமில்ல, சளி."

கேமரா வலது கண்ணுக்கு நகர்ந்தது. க்ளிக் விழவில்லை. மறுபடி முயன்றாள். ம்ஹூம்.

"மெஷின் முரண்டு பிடிக்குது. அப்படியே இரு, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் கேமராவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டியா?"

வலது இமை மேல் ஒரு விரல் வந்து, மெல்லத் தூக்கிப் பிடித்தது. இமை தாழ்ந்தால் அப்படிப் பிடிப்பார்கள். வழக்கம்தான்.

விரல்தான்... சில்லென்றிருந்தது.

க்ளிக்.

வளையல் இடிக்கவில்லை.

க்ளிக்...

"அக்கா, எரியுது. விடு."

விடவில்லை.

க்ளிக்...

தட். தட். தட். கதவு. வெளியிலிருந்து.

"டேய்! ஏன்டா தாழ் போட்டே? திற!"

அக்கா.

வெளியே.

தலையை இழுத்தேன். வார் விடவில்லை. கண்ணை இறுக மூடினேன். இடது கண் மூடியது.

வலது...

மூட முடியவில்லை.

க்ளிக்.

விரல் போனது. தாழ் விலகும் சத்தம். விளக்கு எரிந்தது. அறையில் நான் மட்டும், வாரோடு.

"கட்டிப் போட்ட பையன் எப்படிம்மா எழுந்து போய்த் தாழ் போட்டான்?" என்றார் டாக்டர். அக்கா திரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவசரத்தில் அவள் ஒரு தவறு செய்திருந்தாள். என் வலது கண்ணுக்கு, பழைய நோயாளி ஒருவரின் பெயரிலிருந்த கோப்பைத் திறந்திருந்தாள். கடிகாரம் பழுது பார்ப்பவர். பழைய பெயர் என்றால், அந்த மெஷின் புதுக் கண்ணின் ரத்தக்குழாய்ப் பின்னலைப் பழைய படத்தோடு பொருத்திப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் க்ளிக். ஒருவர் பின்னல் இன்னொருவருக்கு இருக்காது. முதலில் அது முரண்டு பிடித்ததன் காரணம் அதுதான்.

இப்போதோ நான்கு படங்கள். நான்கும் ஒத்துப்போயிருந்தன. நான்கிலும் வெள்ளைப் புள்ளிகள், உப்பைக் கொட்டியதுபோல.

"அவருக்கும் வர வரக் கூடிட்டேதான் இருந்துச்சு," என்றாள் அக்கா.

"அப்ப அவரையே கூப்பிட்டுக் கேளு."

"போன மாசம் தவறிட்டார்டா."

சாகிற செல்தான் மின்னும். செத்தவர் கண்ணில் இன்னும் சாக என்ன மிச்சம்?

அடுத்த வாரம் என் பெயரிலேயே புதிதாக எடுத்தோம். இடது கண் சுத்தம். வலது கண்ணில் அதே பின்னல், இன்னும் கொஞ்சம் அதிகப் புள்ளிகள். அதற்கு முன் என் வலது கண்ணை யாரும் படமெடுத்ததில்லை. ஒப்பிட ஒன்றுமில்லை.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன்.

"அந்தக் கடிகாரக்காரர் எப்படி இருப்பார்?"

"நல்ல மனுஷன். வலது இமைதான் தொங்கிடும். என்னைத் தொட விட மாட்டார். படம் முடியற வரைக்கும் தானே ஒரு விரலால தூக்கிப் பிடிச்சுக்குவார்."

அன்றும் அவர் தன் இமையைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.