பதினெட்டாவது கிரீனில் ஓர் ஒட்டு

அந்த கோல்ஃப் மைதானத்தில் அவளுக்குக் குழியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கொடி நட்ட குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் தரைக்கு கிரீன் என்று பெயர். பதினெட்டு கிரீன்கள். குழி ஒரே இடத்தில் இருந்தால் ஆட்கள் மிதித்து மிதித்தே புல் செத்துவிடும் என்பதால், தினமும் விடிந்ததும் பழைய குழியை மூடி வேறு இடத்தில் புதிய குழி வெட்டவேண்டும். பதினோரு வருடமாக அதுதான் அவள் வேலை. ஆட வருகிறவர்களில் பாதிப் பேர், குழி தானாக நகர்ந்துகொள்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குழி வெட்டுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நாலேகால் அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாயைத் தரையில் அழுத்தித் திருகி இழுத்தால், புல்லும் மண்ணுமாக ஓர் உருளை கையோடு வரும். முழு சாமர்த்தியமும் அந்த உருளையைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் பொருத்துவதில்தான் இருக்கிறது. அதை ஒட்டு என்பார்கள். அடியில் மண் கொஞ்சம் கூடினால் ஒட்டு மேடாகும், குறைந்தால் பள்ளமாகும். இரண்டுமே உருண்டு வரும் பந்தை வழிமாற்றிவிடும். குழியக்கா ஒட்டை வைத்து, தண்ணீர் தெளித்து, பலகையால் அமுக்கி, கடைசியாகச் செருப்பைக் கழற்றி வெறுங்காலால் தடவிப் பார்ப்பாள். கண்ணை ஏமாற்றலாம், உள்ளங்காலை ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி.

ஒட்டு மேடாக இருப்பது கண்ணில் பட்டால், அடிக்கும் முன் ஆட்டக்காரர் அதை மட்டையால் தட்டிச் சமப்படுத்திக்கொள்ளலாம். விதியே இருக்கிறது. ஆனால் அவளுடைய ஒட்டை யாராவது தட்டிவிட்டால் அவளுக்கு அன்று முழுக்க மூஞ்சி நேராக இருக்காது. "நாம கழுவிக் கவுத்த தட்டை வந்தவங்க இன்னொரு தடவை தொடைச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான்" என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் அவள் கணவர்.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்கு ஊழியர்களின் குடும்பத்தார் ஆடலாம். பொழுது போகாமல் ஒருநாள் யாரோ கழித்துக்கட்டிய மட்டையோடு இறங்கியவர், பிறகு திங்கட்கிழமைக்காகவே வாரத்தை ஓட்ட ஆரம்பித்தார். மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று பத்தொன்பது வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிற மனிதருக்குத் தன் மூச்சையும் பிடிக்கத் தெரிந்திருந்தது. பந்தை உருட்டுவதில் கெட்டிக்காரராகிவிட்டார். கீழ் வீட்டில் இருக்கும் அவர் தங்கை, "அண்ணன் பந்தை உருட்டுறாரு, அண்ணி அண்ணனுக்கே குழி தோண்டுறாங்க. நல்ல ஜோடி!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்படி இருக்கையில்தான், தேசிய அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பை அந்த வருடம் அந்த மைதானத்தில் நடத்துவதென்று முடிவாயிற்று. மைதானத்து ஆட்களுக்கு நிலைகொள்ளவில்லை. சாம்பியன்ஷிப்புக்கு மூன்று வாரம் முன்னால் தகுதிச்சுற்று. நாற்பது பேர் ஆடி இரண்டு பேர் உள்ளே போகலாம். எக்ஸ்ரேக்காரர் நான்கு வருடமாக முயன்று நான்கு வருடமும் ஓரிரு மட்டையடி கூடிப்போய்க் கோட்டைவிட்டவர். வயது நாற்பத்தேழு. அடுத்த வருடப் போட்டி நாட்டின் இன்னொரு மூலையில் நடக்கும், அதற்கு லீவு கிடைக்காது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

குழியக்காவுக்கும் அது பரீட்சை நாள்தான். மைதான மேலாளர் சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஆறங்குல ஸ்கேல் வைத்திருப்பார், பெயரும் ஸ்கேல்தான். தகுதிச்சுற்றில் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, சாம்பியன்ஷிப்புக்குக் குழி வெட்டப்போவது அவளா, பெரிய மைதானத்திலிருந்து வரவழைக்கும் ஆளா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஸ்கேலோடு போட்டிக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் கூடவே வந்தார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் புது பூட்ஸ் கொடுத்திருந்தார்கள், கணுக்கால் வரை நாடா. பதினேழு கிரீன் முடிந்தது, ஓர் ஒட்டும் பிசகவில்லை. அவர்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்ததால் அவளும் ஒவ்வொன்றிலும் நாடாவை அவிழ்த்துக் காலை வைத்துப் பார்த்துவிட்டாள். பதினெட்டாவதில் நான்கு பேரும் தலைக்கு மேலேயே வந்து நின்றார்கள். முந்தின நாள் மழையில் கிரீனின் கீழ்ப்பாதி சொதசொதவென்று இருந்ததால், பழைய குழிக்கு நான்கடி தள்ளித்தான் புதியது வெட்ட முடிந்தது. ஒட்டை வைத்தாள், அமுக்கினாள். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முன்னால் பூட்ஸைக் கழற்றி, வியர்த்த பாதத்தை நீட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பூட்ஸ் காலாலேயே ஒரு தடவை தடவிவிட்டு எழுந்துகொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு எக்ஸ்ரேக்காரர் அந்த கிரீனுக்கு வந்தார். ஓர் இடம் போய்விட்டது. மற்றதற்கு அவரும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் மட்டும்தான் மிச்சம். ஏஜென்ட் ஆடி முடித்துவிட்டார். பந்து குழியிலிருந்து ஏழடி தூரத்தில் கிடந்தது. ஒரே அடியில் உள்ளே விழுந்தால் இடம் அவருக்கு, இல்லாவிட்டால் சமமாகி, கடைசி ஒன்பது குழிகளைக் குறைந்த அடியில் முடித்திருந்த ஏஜென்ட்டுக்கு. அவர் குனிந்து வழியைப் பார்த்தார், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு உருட்டினார். பந்து மூன்றடி நேராகப் போய் ஒரு மயிரிழை இடதுபக்கம் ஒதுங்கி, குழியின் விளிம்பை நக்கிவிட்டு வெளியே நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி ஏஜென்ட்டின் கையைக் குலுக்கினார்.

கை நடுங்கிவிட்டது பாவம் என்றுதான் குழியக்கா நினைத்தாள். கூட்டம் கலைந்ததும் ஸ்கேல் அவளிடம் வந்து, "சாம்பியன்ஷிப்புக்கும் நீங்கதாம்மா" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கொடியை எடுக்கப் போனவள், பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றி ஒட்டின்மேல் காலை வைத்தாள். தீக்குச்சி கனத்துக்கு மேடு. நடு வழியில். அவருடைய பந்து ஒதுங்கிய அதே இடம்.

வீட்டில் அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க கை நடுங்கலை. ஒட்டு மேடா இருந்துச்சு. என் தப்பு" என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"குனிஞ்சப்பவே தெரிஞ்சுது. பதினோரு வருஷமா உன் ஒட்டைப் பார்க்கிறேன், தெரியாதா?"

"அப்ப தட்டியிருக்க வேண்டியதுதானே! விதி இருக்கே!"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஸ்கேல் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு. நான் குனிஞ்சு தட்டினா, உன் வேலை சரியில்லைன்னு உன் புருஷனே ஊரறியச் சொன்ன மாதிரி ஆயிடும். மேட்டைக் கணக்குப் பண்ணி அடிச்சாப் போச்சுன்னு நினைச்சேன். கணக்குத் தப்பிடுச்சு."

"உங்களை யாரு என் மானத்தைக் காப்பாத்தச் சொன்னது?" என்று கத்தினாள். கீழ் வீட்டில் தங்கை டிவி சத்தத்தைக் குறைத்தாள். "என் வேலை சரியில்லைன்னா சரியில்லைதான்! நாலு வருஷமா நாயா அலைஞ்சீங்களே!"

"விடு. கழுவின தட்டைத் தொடைக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்கேலைக் கூட்டிப்போய் அந்த ஒட்டைக் காட்டினாள். அவர் மண்டியிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "ரெண்டு மில்லி" என்றார். "ஸ்கோர் அட்டையில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. முடிவை மாத்த முடியாதும்மா."

"மாத்தச் சொல்லலை சார். தெரிஞ்சுக்கங்கன்னு சொன்னேன். வேற ஆளைக் கூப்பிடறதுன்னாக் கூப்பிட்டுக்குங்க."

அவர் ஸ்கேலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "தப்பைத் தானா வந்து சொன்ன ஆளை விட்டுட்டு வேற ஆளைக் கூப்பிட்டு நான் என்ன பண்றது? பூட்ஸைக் கழட்டிட்டு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாம்பியன்ஷிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒத்திகை. கமிட்டிக்காரர்கள், ஏஜென்ட் உட்படப் பயிற்சிக்கு வந்த ஆட்டக்காரர்கள், தொண்டர்கள் என்று பதினெட்டாவது கிரீனைச் சுற்றி நல்ல கூட்டம். எக்ஸ்ரேக்காரர் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தார். 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. குழியக்கா எல்லார் முன்னாலும் கிரீனின் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸை அவிழ்த்தாள், காலுறையை உருவி உள்ளே திணித்தாள். கோட்டுக்காரர் ஒருவர் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். புதிய குழியை வெட்டி, ஒட்டை வைத்து, காலால் தடவி, எடுத்து, ஒரு சிட்டிகை மண்ணைக் குறைத்து, திரும்ப வைத்துத் தடவினாள். தண்ணீர் தெளித்து கிரீன் முழுக்கப் புல்லைச் சீவிவிட்டாள். அதெல்லாம் முடியும்வரை கணவரைக் குடிநீர் எடுத்துவர அனுப்பியிருந்தாள்.

அவர் வந்ததும் ஒரு மட்டையைக் கையில் கொடுத்து, "ஒட்டு எங்க இருக்குன்னு பார்த்து, மேடா இருந்தா தட்டுங்க. எல்லார் முன்னாடியும்" என்றாள்.

அவர் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பலகையைக் கீழே வைத்தார். குனிந்து பார்த்தார், மண்டியிட்டுப் பார்த்தார், பிறகு தானும் ஷூவைக் கழற்றிவிட்டு அங்குலம் அங்குலமாகக் காலால் தடவிப் பார்த்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"தெரியலைம்மா" என்றார். "எங்கே வெச்சே?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. "அன்னிக்கு இப்படி வெச்சிருந்தா" என்று தொடங்கினாள், முடிக்க வரவில்லை. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கிரீனின் ஓரத்தில் உட்கார்ந்து, கோட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

அவர் எல்லாரும் பார்க்க நன்றாகக் குனிந்து, அன்றைக்குத் தட்டாததற்கும் சேர்த்து எங்கேயோ ஓர் இடத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அது ஒட்டு இருந்த இடம் இல்லை.