மச்சானுக்குக் கிடைத்த முதல் பாடு

ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வரிசையைச் செல்போனில் காட்டும் செயலி ஒன்றை என் கம்பெனி தயாரித்தது. அதன் உதவிக் கையேட்டை வெளியீட்டுக்கு முன் வீட்டிலிருந்தே பிழை பார்த்துத் தருவது என் வேலை. தலைப்புகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, பட்டியல் கோணாமல் நிற்கிறதா, படம் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மாதிரிப் பட்டியலுக்குக் கற்பனைப் பெயர்கள் யோசிக்கச் சோம்பல். மனைவியின் ஊரில் போன வாரம் சீட்டில் வந்த, மறுநாள் தொடங்கவிருந்த வரிசையை அப்படியே போட்டேன். மூன்று பெயர்கள், ஒரு படம், அதன் கீழே நான்காவதாக மனைவியின் அண்ணன். எழுதும்போது எண்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. முடிந்த பக்கத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. 'சரிபார்த்தாயிற்று' என்று டிக் அடித்துவிட்டு, போனில் படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லி மச்சானுக்கு அனுப்பினேன்.

பதில் இல்லை. மதியம் கரைக்குப் போனால் மச்சான் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார். நாளைக்கு அவர் பாடு இல்லையே என்றேன். சிரித்தார்.

"தெரியாத மாதிரி கேக்காத மாப்ள. நீதான பண்ண?"

போனை நீட்டினார். படத்துக்குக் கீழே பட்டியல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. அந்த ஒன்று மச்சான். படத்துக்கு மேலேயும் ஓர் ஒன்று இருந்தது, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். மச்சான் திரையில் அவ்வளவு தூரம் மேலே போகவில்லை. கம்பெனியில் சொல்லி நான் அவரை முன்னுக்கு நகர்த்திவிட்டதாக நினைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடமே அதைச் சொல்லியும் விட்டார். கம்பெனியில் எனக்கு லீவு வாங்குகிற செல்வாக்குகூடக் கிடையாது.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கையேடு வெளியீடு. விடிந்ததும் ஒரே இடத்தில் இரண்டு வலை இறங்கினால் அடிதடிதான். அதற்கு என் கையேடு சாட்சி. ஆபீசுக்குப் போன் செய்து நிறுத்தி வைக்கச் சொன்னேன். யார் சரிபார்த்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். வீட்டுக்கு ஓடி எண்களைச் சரிசெய்ய மூன்று நிமிடம் ஆனது. பெயர்களையும் மாற்றி, இந்த முறை போனிலும் திறந்து பார்த்து அனுப்பினேன்.

கரைக்குத் திரும்பி மச்சானிடம் சொல்லத்தான் நேரம் பிடித்தது. சீட்டில் வந்தபடி அவர் நான்காவது ஆள்தான் என்று விளக்கினேன்.

"அப்ப எனக்கோசரம் நீ ஒண்ணும் பண்ணல?"

"இல்ல மச்சான். தப்பு மட்டுந்தான் பண்ணேன்."

வலையின் ஒரு முனையை என் கையில் திணித்தார். "பக்கத்து வீட்டுக்காரரு எதிர்லயே படகுலேருந்து நீதான் எறக்குற."

கரையில் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் படகில் சாய்ந்து நின்று கடைசி முழம் வரை பார்த்தார். பிறகு தன் வலையை ஏற்ற ஒரு கை கொடுக்கச் சொன்னார். அதையும் கொடுத்தேன்.