பகலில் எரிந்த விளக்கு

வீட்டோடு அறை கூட்டிக் கட்டுகிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் நான் டி.ஏ.யாக, அதாவது தொழில்நுட்ப உதவியாளராக, இருந்தேன். தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கும். இடம்பெயர்ந்து வந்த சொந்தங்களுக்காக வீட்டுக்கு வீடு சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு அறை இறக்கினார்கள். எங்கள் எஞ்சினியர் சேர் அதற்கென்று ஒரு படிவம் போட்டார். புது அறையில் பகலில் விளக்கில்லாமல் இருக்கலாமா, விசிறி இல்லாமல் படுக்கலாமா என்று பார்த்துப் புள்ளி போடுவது என் வேலை.

கொழும்புத்துறையில் செல்லத்துரையண்ணை கட்டிய சாய்ப்புக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். இரண்டு பெரிய யன்னல், தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு, கடற்காற்று நேரே உள்ளே. மத்தியானத்திலும் குளிர்ச்சி. அலுவலகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். செல்லத்துரையண்ணையின் மனைவியின் தமக்கை மங்களமக்கா அலுவலகத்துக்கு வந்து நின்றார். புருஷன் இல்லை. அந்த வீட்டின் உள்ளறையில் இருந்து பள்ளிக்கூட உடுப்புத் தைத்துத்தான் இரண்டு பெட்டைப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டார்.

"தங்கச்சி, நீர்தானே சாய்ப்புக்குப் புள்ளி போட்டது?"

"ஓம் அக்கா."

"என்ரை அறையை ஏன் பாக்கேல்லை?"

"அது பழைய அறையெல்லோ? நாங்கள் புதுசைத்தான் பாக்கிறது."

"உங்கடை புதுசு என்ரை யன்னலை மூடிப்போட்டுது. காலமை பத்து மணிக்கே விளக்குக் கொளுத்தித்தான் ஊசி கோக்கிறன். கூப்பன் எண்ணெய் பத்து நாளுக்கும் காணாது. மிசினை விக்கிறதோ, கண்ணை விக்கிறதோ, நீரே சொல்லும்!"

அன்றே போய்ப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே மிசினுக்குப் பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு எரிகிறது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"சாய்ப்புச் சரியெண்டாப் பைலை மூடும்," என்றார் சேர். நான் மூடவில்லை.

உள்ளறைக் கூரையில் நாலு கண்ணாடி ஓடு போட்டால் போதும். செல்லத்துரையண்ணை குதித்தார்.

"கூரையிலை கை வைக்க விடன் மிஸ்! மாரி வருது. ஒழுகினா ஆர் பொறுப்பு?"

"நான்தான். ஒழுகினா நானே ஏறி அடைக்கிறன்."

"நீங்களோ? சீலையோடையோ?"

"கொடுக்குக் கட்டிக்கொண்டு ஏறுவன்!"

ஒற்றைக் காலில் நின்றேன். மனிதர் அலுத்துப்போய்ச் சம்மதித்தார். ஆனால் கடைகளில் கண்ணாடி ஓடு ஏது? எட்டு நாள் சைக்கிளில் அலைந்தேன். சுன்னாகத்தில் ஷெல் விழுந்து சரிந்த வீட்டுக்காரர் ஒருவர், குசினிக் கூரையில் உடையாமல் தப்பிய நாலைத் தந்தார். வைக்கோல் சுற்றிக் கரியரில் கட்டி, பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

மேசன் ஓட்டை மாற்றி இறங்கியதும் மங்களமக்கா விளக்கை ஊதி அணைத்தார். நூலை நனைத்து ஊசியில் கோத்தார். முதல் தரமே நூல் ஏறியது.

"தெரியுதடி," என்று அழுதார். நானும் அழுதேன்.

மாரியில் ஒரு மூலையால் ஒழுகத்தான் செய்தது. ஏறினேன்.

பிளான் கீறும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். புது அறையில் டேப்பை விரிக்க முன்னம், பக்கத்துப் பழைய அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருங்கள். அங்கே இருக்கிறவரோடு கதையுங்கள். இல்லாவிட்டால் ஒரு அறையில் மிச்சம் பிடித்த எண்ணெயை மற்ற அறை குடித்துவிடும். உங்களுக்குத் தெரியவே வராது.

அதைப் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்தேன்: 'பக்கத்து அறையில் பகலில் வேலை செய்வது யார்?'

"உந்தக் கேள்வியை ஆர் போடச் சொன்னது?" என்று சேர் சீறினார்.

"மங்களமக்கா, சேர்."

சிவப்புப் பேனையால் வெட்டினார். அடுத்த படிவத்தில் திரும்பக் கையால் எழுதினேன். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரோடு நாங்களும் வெளிக்கிடும் வரை, ஒவ்வொரு படிவத்திலும் எழுதினேன்.