ரைட்டர் எழுதிய விடுதலைப் பத்திரம்

என் கல்யாணத்தை முறித்துக் கொடுத்தவர் ஒரு காபி எஸ்டேட் ரைட்டர். எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதுகிறவரை எங்கள் மலையில் அப்படித்தான் சொல்வோம். எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் கோர்ட் என்று ஒன்று இருப்பது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நிலத் தகராறுக்கும் வெட்டுக்குத்துக்கும் உரிய இடம். புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு ஒரு முத்திரைத்தாளும் இரண்டு சாட்சியும் போதும் என்பதில் ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்கும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அங்கே தையல் கடை வைத்திருந்த எனக்கும் கிடையாது. நான் மட்டும் என்ன பெரிய மேதையா?

ஆள் வருகை போக, ரைட்டர் அதுவரை எழுதியதெல்லாம் நிலக் கிரயப் பத்திரங்கள். ஆகவே என் விடுதலைப் பத்திரத்தையும் அதே பாணியில் எழுதினார். இன்று முதல் ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை, யாதொரு வில்லங்கமும் இல்லை, அவரவர் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. எதை ஆண்டு அனுபவிப்பது என்று நான் கேட்கவில்லை. நல்லவேளை, நான்கு எல்லை போடவில்லை. வடக்கே மாமியார், தெற்கே நாத்தனார் என்று போட்டிருந்தால் பிரிவுக்கான காரணமும் அதிலேயே வந்திருக்கும்.

கடைசி வரியை மட்டும் வேகமாகப் படித்தார்: பெண் குழந்தையை ஐந்து வயது பூர்த்தியானதும் தகப்பன் வசம் ஒப்புவிக்க வேண்டியது.

குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. என் மடியில் உட்கார்ந்து ரைட்டரின் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்க?" என்றேன்.

"அது சட்டம் கண்ணு. அஞ்சு வரைக்கும் அம்மாகிட்ட, அப்புறம் அப்பன் ஊட்டுக்கு. நாம மாத்த முடியாது. நொம்ப யோசிக்காத, கையெழுத்தப் போடு."

போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

என் கணவர் சர்வ சுதந்திரமாய்க் குப்பனூர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். நான் மகளின் கவுன்களைப் பிரித்துப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தேன். மற்ற தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷம். நான் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஐந்து வயதுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணினேன்.

அவளுக்கு நாலு வயது முடிந்தபின் பயம் தாங்காமல் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், ஒரு பெண் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டினேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, அதைப் படித்துச் சிரித்ததில் புரையேறிவிட்டது.

"ஏம்மா, நீங்க காட்டை வித்தீங்களா, கல்யாணத்தை முறிச்சீங்களா?"

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். இந்தத் தாள் விவாகரத்து ஆகாது. கோர்ட்தான் பிரிக்க வேண்டும். இருவருக்கும் சம்மதம் என்றால், ஒரு வருஷம் பிரிந்து இருந்த பிறகு சேர்ந்து மனுப் போடலாம். போட்டு ஆறு மாதம் பொறுத்து, மறுபடி இருவரும் வந்து அதே சம்மதத்தைச் சொல்ல வேண்டும். குழந்தை யாரிடம் என்பதைத் தாள் தீர்மானிக்காது, குழந்தைக்கு எது நல்லது என்று ஜட்ஜ் பார்ப்பார். ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் தாயிடம் விடுவார்கள் என்பது உண்மை. ஐந்து முடிந்ததும் தகப்பனிடம் தூக்கிக் கொடு என்று எங்கும் இல்லை. ரைட்டர் பாதிச் சட்டத்தைக் கேள்விப்பட்டு, மீதிக்குச் சொந்தமாக ஒட்டுப் போட்டிருந்தார்.

"அப்ப அவரு இன்னொண்ணு கட்டுனதுங்க?"

"குத்தம். அந்தக் கல்யாணமே செல்லாது. நீங்க புகார் குடுத்தா அவரு உள்ள போகலாம்," என்று சொல்லிவிட்டுத் தயிர்ச் சோற்றைப் பிசைந்தார்.

மகளுக்கு ஐந்து முடிந்த மறுநாளே வந்துவிட்டார்கள். கணவர், கையில் பத்திரத்தோடு ரைட்டர், பின்னால் குப்பனூர்ப் பெண். இந்த ஒழுங்கைக் குடித்தனம் நடத்துவதில் காட்டியிருந்தால் பத்திரமே தேவைப்பட்டிருக்காது.

"வாங்க, உக்காருங்க," என்றேன். "ஏனுங்க ரைட்டரே, இந்தத் தாளு செல்லாதுங்களாமா. செல்லும்னா கோர்ட்டுல குடுங்க, நானும் வர்றனுங்க. இவரு ரெண்டாவது கட்டுனதையும் அங்கயே கேட்டுக்கலாம்."

ரைட்டருக்குக் கிளியூரில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. கணவருக்கு வேர்த்தது.

"சம்மத மனுவுல கையெழுத்துப் போடுங்க. புள்ள எங்கிட்டத்தான்னு எழுதிக் குடுங்க. நான் புகாரு குடுக்கலீங்க," என்றேன்.

சரியென்று தலையை ஆட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். இருபது வயது இருக்கலாம். வயிறு தள்ளியிருந்தது. என் மகளுக்கென்று வாங்கி வந்த கவுனைக் கையில் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னபோது அவளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"ஏனுங்க அக்கா, அப்ப நான் இவருக்கு ஆருங்க?" என்றாள்.

வக்கீல் சொன்ன பதில் எனக்குத் தெரியும். அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"ஆறு மாசத்துல தீர்ப்பு வந்துரும் சாமி. வந்ததும் மறுபடி முறையாத் தாலி கட்டச் சொல்லு," என்றேன்.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்குள்ள இது பொறந்துருமுங்களே அக்கா."