முப்பத்தொன்றாம் பெட்டி

என் அண்ணிக்கு ஆட்களின் பெயர் மண்டையில் ஏறாது. எண் என்றால் ஏறும், ஏறியது இறங்காது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே சமையலறை டப்பாக்களின் மேல் எண் எழுதி ஒட்டிவிட்டார். பதினொன்று சர்க்கரை, பன்னிரண்டு உப்பு.

"எழுதுறதே எழுதுறீங்க, சர்க்கரைன்னு எழுதக் கூடாதா அண்ணி?" என்று கேட்டேன்.

"சர்க்கரை தீந்ததும் அதுல மாவைக் கொட்டி வைப்பீங்க. அப்ப பேரு பொய்யாயிடும். நம்பர் பொய்யாகாது" என்றார்.

அவர் பார்க்கும் வேலை அப்படி. வாகன உதிரி பாகங்கள் வைத்திருக்கும் கிடங்கில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கீப்பர். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், நடுவே ஒருவர் மட்டும் போகிற சந்துகள், எங்கே போனாலும் கிரீஸ் வாசனை. யாராவது ஜன்னலில் தலையை நீட்டி "பிரேக் ஷூ" என்றால் அவருக்குக் கோபம் வரும். எண்ணைச் சொன்னால் பட்டியலைப் பார்க்காமலே நேராகப் போய் எடுத்து வருவார். வருஷக் கடைசி ஸ்டாக் எடுப்பில் ஒரு வாஷர் குறைந்தாலும் தரையில் மண்டியிட்டுத் தேடுவார். என் அண்ணன் வாய் சும்மா இருக்காது. "வீட்ல ஏதாவது தொலைஞ்சா சொல்லுங்க, உங்க அண்ணி கண்டுபிடிச்சிருவா. நான் தொலைஞ்சா மட்டும் நம்பர் கேப்பா" என்பான்.

இப்படிப்பட்டவர் இசைக்குழுவுக்குள் வந்து சேர்ந்ததே ஒரு செல்லோவால்தான். அண்ணி மகன் டிரம்பெட் கற்றுக்கொள்ளும் இசைப்பள்ளியில் இளையோர் இசைக்குழு ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை. இரண்டு வருஷத்துக்கு ஒரு கோடையில் அவர்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பதினோரு நாளில் ஆறு ஊர்களில் வாசிக்க வைப்பார்கள். ஒருமுறை திரும்பி வரும்போது செல்லோ ஒன்று ஏதோ விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஆளாளுக்குக் குதித்தார்கள். அண்ணி மட்டும் எழுந்து, "எத்தனை பெட்டி போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு, யாரு எண்ணினது?" என்று கேட்டார். யாரும் எண்ணவில்லை. அன்றைக்கே அந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

அடுத்த பயணத்துக்குள் எல்லாக் கருவிக்கும் ஆரஞ்சு நிற அட்டையில் எண் கட்டித் தொங்கவிட்டார். பெரிய கருவிகள் தனி லாரியில் போகும். அவற்றை வாசிக்கும் பிள்ளைகள் கையில் வில் பெட்டியோ குச்சிப் பையோ இருக்கும், அதிலும் எண் தொங்கும். பிள்ளைகளையும் அந்த எண்ணாலேயே கூப்பிட்டார். "பதினேழு, வாயில என்ன?" என்றால் கிளாரினெட் பெண் அவசரமாக விழுங்குவாள். கோடை வெயிலில் பூட்டிய பஸ்ஸுக்குள் கருவியை வைத்தால் மரம் விரியும், பசை விடும். அதனால் எங்கே நிறுத்தினாலும் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போது அண்ணி கையில் பட்டியலோடு வாசலில் நின்று அட்டைகளைப் பார்த்துச் சத்தமாக எண்ணிச் சரிபார்ப்பார். அவர் கண் பிள்ளைகளின் கை உயரத்திலேயே இருக்கும், முகத்துக்குப் போகாது.

"புள்ளைங்கள எண்ண மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். அந்தப் பயணத்துக்கு என்னையும் இழுத்துவிட்டிருந்தார்கள். நான் நர்ஸ், காய்ச்சல் தலைவலிக்கு ஒரு ஆள் வேண்டுமாம்.

"புள்ள தொலைஞ்சா அழும், யாரையாவது கேக்கும். புல்லாங்குழல் தொலைஞ்சா வாயத் திறக்குமா? தவிர, பெட்டி வந்தா புள்ளையும் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அண்ணி மகனுக்கு எண் முப்பத்தொன்று. பதினாலு வயது. பயணத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாப் பிள்ளைகளையும் போல மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். நாளைக்கு எவரும் தன் மகனுக்கு மட்டும் சலுகை என்று நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம். அந்த வருஷம் இசைக்குழுவை நடத்தும் மாஸ்டர் புதிதாக எழுதிய இசை ஒன்று, அரங்கின் மேல் மாடத்திலிருந்து ஒற்றை டிரம்பெட் தனியாக ஊதுவதில் தொடங்கும். அதற்கு ஆள் எடுத்தபோதுகூட, யார் ஊதுகிறார் என்று தெரியாமல் திரை போட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தவர் அண்ணிதான். திரைக்குப் பின்னால் இருந்தவர்களில் அவனைத்தான் எடுத்தார்கள். வீட்டில் அவன் சந்தோஷத்தில் குதித்தான். அண்ணி, "சரி, சாப்புடு" என்றார். எனக்கு அவரை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

ஐந்தாவது ஊரில்தான் அந்த வாசிப்பு, மாலை ஆறு மணிக்கு. அன்று மதியம் நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சாப்பிட நிறுத்தினோம். சுற்றிலும் லாரிகள், தார் கொதித்தது. பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணி வாசலில் நின்று எண்ண ஆரம்பித்தார். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நாற்பத்திரண்டும் சரி. டிரைவருக்குக் கையைக் காட்டினார், பஸ் கிளம்பியது. டிரைவர் அந்தப் பக்கத்து ஆள், எங்கள் பேச்சு தெரியாது, ஆனால் அண்ணியின் எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு எங்கள் எண்களை மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். "நாப்பத்திரெண்டு!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கச்சேரி நாளில் ஃபோன் கிடையாது. எல்லாவற்றையும் எண் ஒட்டி ஒரு பெட்டியில் போட்டு அண்ணி மடியில் வைத்திருப்பார். முக்கால் மணி நேரம் போயிருக்கும், பெட்டிக்குள் ஒன்று உறுமியது. அண்ணி திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுபடி உறுமியது. மூன்றாம் தடவை நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று. அழைத்தது யாரோ தெரியாத எண்.

"எடுங்க அண்ணி, அவசரமா இருக்கப் போகுது."

"யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். "இந்த ஃபோனுக்குச் சொந்தக்காரப் பையன் கச்சேரி முடிஞ்சுதான் பேசுவான்" என்றார்.

பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "அம்மா, நான்தாம்மா."

அண்ணி எழுந்து பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னல் சீட்டில் டிரம்பெட் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு அட்டை ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இன்னொரு டிரம்பெட் பையன், முப்பத்திரண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு ஏறியவன் அவன்தான். எழுப்பிக் கேட்டதும் அழத் தொடங்கினான். "பாத்ரூம் போறேன், பெட்டியப் பிடின்னான் மேடம். முன்னாடி எங்கயோ உக்காந்திருப்பான்னு நெனச்சேன்."

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபோனில், "அங்கேயே இரு, வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் டிரைவரிடம் பேசிப் பார்த்தார். பஸ் திரும்பிப் போனால் ஒத்திகை போய்விடும், ஒரே நாளில் அத்தனை மணி நேரம் ஓட்ட டிரைவருக்கு அனுமதியும் கிடையாது. "பஸ் போகட்டும். நீங்க நெடுஞ்சாலைய விட்டு வெளிய போற அடுத்த வழியில இறங்கி டாக்ஸி பிடிங்க. ஆறு மணிக்குள்ள அவன் வந்துட்டா அவன்தான் ஊதுவான். வரலன்னா முப்பத்திரண்டு ஊதட்டும். நான் ஜனங்கள உக்கார வச்சுக்கிட்டு நிறுத்தி வைக்க முடியாது" என்றார். கல் நெஞ்சுக்காரர் இல்லை, அவர் சொன்னது நியாயம். முப்பத்திரண்டு இன்னும் பலமாக அழுதான்.

நானும் கூட இறங்கினேன். பஸ் கதவு மூடப் போகும்போது, "டிரம்பெட்டை எடுத்துக்கலையா அண்ணி?" என்று கேட்டேன். எந்தக் கருவியையும் சொந்தக்காரன் இல்லாமல் ஒரு அடி நகர விடாதவர் அவர்.

"அது பஸ்லயே போகட்டும், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

டாக்ஸி வர இருபது நிமிஷம் ஆனது.  வண்டியில் அவர் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். எதை எண்ணினாரோ தெரியாது.  அவனுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்ற பயத்தைவிட, இனிமேல் அவன் இவரை எப்படிப் பார்ப்பான் என்பதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் நிலையத்துக் கடைக்குள் கல்லாப் பக்கத்தில் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவனை உட்கார வைத்திருந்தார்கள். கையில் பாதி கடித்த ரொட்டி. இன்னொரு கையில் டிரம்பெட்டின் வாய்முனை, ஊதுகிற அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு. அண்ணி அவன் முன்னால் போய் நின்று உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார், வந்த சரக்கில் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது போல.

அவன் எழுந்து நின்றான். "பெட்டி பத்திரமா இருக்குங்களா மேடம்?" என்றான்.

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னானா, பழக்கத்தில் வந்ததா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணி அங்கேயே, கடைக்காரி பார்க்க, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டியப் பாத்தேன்டா. உன்னைப் பாக்கல" என்றார். அப்புறம் அழுதார். நான் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கடைக்காரிக்கு நன்றி சொல்லப் போனேன்.

திரும்பிப் போகும்போது வண்டியில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். காலையிலிருந்து உதடு நடுங்கியிருக்கிறது. பாத்ரூம் என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காத இடமாகப் பார்த்து, லாரிகளுக்குப் பின்னால் போய் வாய்முனையை மட்டும் வைத்து ஊதிப் பார்த்திருக்கிறான். லாரி இரைச்சலில் பஸ் கிளம்பியது கேட்கவில்லை.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார் அண்ணி.

"மேடம்கிட்ட எப்படிச் சொல்றது?"

 கொஞ்ச தூரம் போனதும் நான்தான் கேட்டேன். "உடனே ஃபோன் பண்ணக் கூடாதாடா? அரை மணி நேரத்துக்கு மேல என்ன பண்ணின?"

"பஸ் நின்ன எடத்துலயே நின்னேன் அத்தை. அம்மா எண்ணினா ஒண்ணு குறையும், தெரிஞ்சதும் திரும்பி வந்துருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் வெயில் தாங்கல, கடைக்குப் போய் அவங்க ஃபோனைக் கேட்டேன். என் நம்பர் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு அரங்கத்தில் இறங்கினோம். ஒத்திகை முடிந்திருந்தது. முப்பத்திரண்டு டிரம்பெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அண்ணி மகன் அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். அண்ணியும் பின்னாலேயே ஏறினார். மேடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகளைக் காவல் காக்க வேண்டியவர் அவர். அன்றைக்கு நாற்பத்திரண்டு பெட்டியும் காவல் இல்லாமல் கிடந்தன. ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது. முதல் சுரம் சுத்தமாக வந்தது. இரண்டாவது சுரம் லேசாக உடைந்தது. மூன்றாவதிலிருந்து அவன் பிடித்துக்கொண்டான். ஊதி முடிக்கும்வரை அண்ணி இரண்டு அடி தள்ளித் தூணை ஒட்டி நின்று அவனையே பார்த்திருக்கிறார். "கண்ணை எடுக்கவே இல்ல அத்தை, அதுதான் ரெண்டாவது சுரம் உடைஞ்சுது" என்று பிற்பாடு சொன்னான், சிரித்துக்கொண்டே.

மறுநாள் காலை பஸ் வாசலில் அண்ணி கையில் பட்டியல் இல்லை. ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து எண்ணினார். சில பெரிய பிள்ளைகளின் தலை எட்டவில்லை, குனிந்து கொடுத்தார்கள். எல்லாரும் ஏறியதும் அவரும் ஏறி, நடைபாதையில் கடைசிக்கு முந்தின வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "நாப்பத்திமூணு" என்றார்.

"ஒண்ணு கூட வருதே அண்ணி" என்றேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்மா, என்னை ரெண்டு தடவ எண்ணிட்ட."

"தெரியும். உக்காரு" என்றார்.

மிச்சமிருந்த நாட்களிலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே நாப்பத்திமூணுதான் வந்தது. ஒரு வாஷர் கூடினாலும் தூங்காதவர் அதைத் திருத்தவில்லை. கடைசி நாள் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அண்ணி இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார், பின்வரிசைக்குப் போயிருக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "நாப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருகாமல் காத்திருந்தார்.