பொட்டுக்கு ஏற்ற பேப்பர்

நாய் படம்

வேலைக்குச் சேர்ந்தபின் முதன்முதலாக ஒரு வாடிக்கையாளருக்கு நானே தனியாகப் பேப்பர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய். மூக்கிலிருந்து வால் நுனிவரை மெரூன் நிறப் பொட்டுகள். காதுகளில் கொத்துக் கொத்தாக. கண்ணுக்கு மேல் புருவம் தீட்டியது போல ஒரு வரிசை.

படத்துக்குக் கீழே குரல் பதிவு. "ஏட்டி செல்வி, ஒம் பேப்பரு செஞ்ச வேலையப் பாத்தியா? அட்டைய எல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். இந்த நாயி அதுமேல ஏறிப் படுத்து உருண்டுட்டு. அம்புட்டுப் பொட்டும் நாய் மேல இருக்கு. இப்ப நான் நாயவா மதுரைக்கு அனுப்புறது?"

பேசியவர் பாக்கியம் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டிக்கர் பொட்டு செய்கிறவர். மதுரை மொத்த வியாபாரி ஒருவர் சாம்பிள் கேட்டிருந்தார். பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஆர்டர். பிடிக்காவிட்டால், வாங்கிப் போட்ட பஞ்சிங் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் வேலை தேட வேண்டியதுதான் என்று அக்காவே சொல்லியிருந்தார். அந்தச் சாம்பிளுக்கான பேப்பரைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

உடனே அழைத்தேன். முதலில் என் வாயில் வந்தது, "அக்கா, நாய் ஏதும் பொட்ட முழுங்கிட்டா?"

"முழுங்கல. ஆம்பள நாயிடி அது. தெருவுல தல காட்ட மாட்டேங்கு, அம்புட்டுத்தான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேஸை மூடினேனா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். மகள் இசைக்குக் காய்ச்சல் இல்லையென்று தெரிந்தும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறவள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, இசை விளையாட்டுப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ராஜபாளையத்தில் இந்த ரிலீஸ் பேப்பர் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு என் அனுபவம் உதவும் என்று ஒருவர் சொன்னதால் இதை எழுதுகிறேன். உதவுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

தோசைக்கல்லும் சிலிகானும்

ஸ்டிக்கரை உரித்ததும் கீழே வழுவழுவென்று ஒரு காகிதம் மிஞ்சுமே, குப்பையில் போடுவோமே, அதுதான் ரிலீஸ் பேப்பர். வேலைக்கு வந்த முதல் நாள், "குப்பைக்குப் போறதத்தாம்மா நாம தயாரிக்கோம். ஆனா அது இல்லன்னா ஸ்டிக்கரே குப்பை" என்றார் மேனேஜர் சார்.

சாதாரணக் காகிதத்தில் பசை பட்டால் நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் காகிதத்தின் மேல் மிக மெல்லிசாகச் சிலிகானைப் பூசுகிறோம். பசைக்குப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் கிடைக்காது. பழகின தோசைக்கல்லில் தோசை தானாகக் கிளம்புவது போலத்தான். ஒரு வித்தியாசம், கல்லில் தடவிய எண்ணெய் தோசையோடு வந்துவிடும். சிலிகான் பசையோடு வரக்கூடாது. அதற்காகப் பூசிய கையோடு காகிதத்தை ஓவனுக்குள் ஓடவிட்டு, சிலிகான் முழுக்க வெந்து இறுகும்படி செய்கிறோம். இந்த வேக்காட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

உரியும் தன்மையிலும் வகை உண்டு. லேசாகத் தொட்டாலே விடுவது ஈஸி ரிலீஸ். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேக மிஷினுக்கு அது வேண்டும். இழுத்தால்தான் விடுவது டைட் ரிலீஸ். இரண்டுக்கும் நடுவில் மீடியம். இரண்டு பக்கமும் பசையுள்ள டேப்பைச் சுருட்டினால், பேப்பருக்கும் இரண்டு பக்கமும் பூச்சு வேண்டும். அதிலும் ஒரு பக்கம் இன்னொன்றைவிடச் சுலபமாக விட வேண்டும். இல்லாவிட்டால் பிரிக்கும்போது டேப் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திண்டாடும். எந்தப் பக்கத்தில் பூச்சு இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். பூச்சுள்ள பக்கத்தில் கோடு சுருங்கி முத்து முத்தாக நிற்கும். வீட்டில் இசை வரைந்த யானை ஒன்று இப்படித்தான் கண்ணெதிரே முத்துக்களாகிப் போனது. "யானை உடைஞ்சிருச்சு" என்று அவள் அழுத அழுகையில், இனி வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் தாங்கியது அந்த முடிவு.

மம்மட்டி வேண்டும்

பொட்டு செய்வது இப்படி. வெல்வெட் துணியின் பின்புறம் பசை. அதன் கீழே ரிலீஸ் பேப்பர். பஞ்சிங் மிஷின் வட்டம் வட்டமாக வெட்டும். துணியும் பசையும் வெட்டுப்பட வேண்டும், பேப்பர் வெட்டுப்படக் கூடாது. ஆகவே நெருக்கி அழுத்தி, எங்கும் ஒரே கனமாகச் செய்த கிளாசின் என்ற வழுவழுப்பான பேப்பர்தான் இதற்குச் சரி. வெட்டியபின், வட்டங்களுக்கு இடையில் மிஞ்சும் வலை போன்ற துணிக்கழிவைப் பெண்கள் கையால் உரித்து எடுப்பார்கள். பொட்டுகள் மட்டும் பேப்பரில் நிற்கும்.

நான் கொடுத்தது ஈஸி ரிலீஸ். பொட்டு சுலபமாக வரவேண்டும் என்று மட்டும் யோசித்தேன். அது அட்டையில் தங்கவும் வேண்டும் என்பதை நாய்தான் சொல்லிக்கொடுத்தது.

நாய் படம் வந்த மறுநாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. இசையை ஒரு கையிலும் பேப்பர் கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி மடவார் வளாகம் போனேன். நாய் வாசலில் படுத்திருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டது.

"அதுக்கே ஒன்ன அடையாளம் தெரிஞ்சு போச்சு" என்றார் பாக்கியம் அக்கா.

முதலில் டைட் ரிலீஸ் பேப்பரில் அடித்துப் பார்த்தோம். பொட்டு அசையவில்லை. நகத்தால் கிளப்பினால் வெல்வெட் மட்டும் தனியாக வந்தது, பசை பேப்பரிலேயே நின்றது.

"இத எடுக்க மம்மட்டில்லா வேணும்" என்றார் ஓர் அக்கா.

"பொட்டு வாங்கினா மம்மட்டி இலவசம்னு போட்டுருவோம்" என்றார் இன்னொருவர்.

அடுத்து மீடியம். கழிவு வலை ஒரே இழுப்பில் வந்தது. ஒரு பொட்டும் கூடப் போகவில்லை. அட்டையைக் குப்புறப் பிடித்து உதறினோம், விழவில்லை. விரலால் எடுத்தால் அலுங்காமல் வந்தது. பாக்கியம் அக்கா என் நெற்றியில் ஒன்று, இசையின் நெற்றியில் ஒன்று, தன் நெற்றியில் ஒன்று என்று வைத்து, "பாஸ்!" என்று கத்தினார். பால்கோவா வந்தது. இசை மீதிப் பொட்டுகளை நாயைத் தேடிக்கொண்டு போய் வைத்தாள். அது இந்த முறை ஓடவில்லை. விதி என்று படுத்துக்கொண்டது.

சாம்பிள் மதுரைக்குப் போனது. நான் தரையில் கால் பாவாமல் வீடு திரும்பினேன்.

இரண்டாம் நாள்

அடுத்த வியாழக்கிழமை பாக்கியம் அக்கா கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை.

"செல்வி, யாவாரி வீட்டம்மா வச்சுப் பாத்தாவளாம். மொத நாளு நல்லாருக்கு, மறுநாளு நெத்தில நிக்க மாட்டேங்குன்னுட்டாவ. எங்க பசை மட்டம்ங்காரு அந்தாளு. அதே பசையத்தான் நாலு வருசமாப் போடுதேன். திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணித் தரலேன்னா வேற ஆளப் பாக்கப் போறாராம்."

மேனேஜர் சாரிடம் ஓடினேன். அவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். எல்லாமே பாஸ்.

"மறுநாள் நிக்கலன்னா என்னம்மா அர்த்தம்? ஒரு பொட்டு ஒரு நாளைக்குத்தான? சாயங்காலம் தூக்கிப் போட்டுர மாட்டாங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருடம் ஆன மனிதர். "சார், வீட்டுல குளியலறைக் கண்ணாடிய நீங்க பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன். பொட்டா ஒட்டியிருக்கும். அழகுக்குன்னு நெனச்சேன்."

பொட்டை யாரும் ஒரு நாளில் தூக்கிப் போடுவதில்லை. முகம் கழுவப் போகும்போது கண்ணாடியில் ஒட்டுவோம். காலையில் எடுத்து மறுபடி வைப்போம். பசை போகிறவரை ஓடும். என் வீட்டுக் கண்ணாடியிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. அன்று மாலை அதன் முன்னால் போய் நின்றேன். கடையில் வாங்கிய பொட்டுகள் இருந்த இடத்தில் இருந்தன. பாக்கியம் அக்கா கொடுத்த பொட்டு மட்டும் மெல்ல வழுக்கிச் சோப்புப் பெட்டி வரை வந்திருந்தது.

என் முகப்பவுடரா? வெந்நீர் ஆவியா? இசை நோண்டினாளா? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படுவதில் எனக்குப் பயிற்சி அதிகம். கடைசியில், அட்டையில் இருந்த புதுப் பொட்டு ஒன்றை எடுத்துப் பசைப் பக்கத்தை விரலால் தொட்டேன். பிடிப்பு குறைவாக இருந்தது. பேப்பரின் பூச்சை விரலால் அழுத்தித் தேய்த்தேன். லேசாக மங்கல் விழுந்தது. நன்றாக வெந்த சிலிகான் அப்படித் தேயாது.

தோசைக்கல் எண்ணெய் தோசையோடு வந்திருந்தது. வேகாத சிலிகான் பசையில் ஏறி, அதன் பிடிப்பைக் குறைத்துவிட்டது. முதல் நாள் எப்படியோ நிற்கும். எடுத்து மறுபடி ஒட்டினால் விழும்.

அப்படியானால் ரோல் வெளியே போகும்முன் நாங்கள் தேய்த்துப் பார்க்கும் பரிசோதனை எப்படிப் பாஸானது? மறுநாள் காலை, சிலிகான் பூசும் கோட்டிங் லைனில் போய்க் கேட்டேன். ஆபரேட்டர் கணேசன் அண்ணன் யோசித்துவிட்டு, "நீங்க எப்பவும் ரோலோட நடுவுலதான தேச்சுப் பாப்பீங்க? சின்ன பார்ட்டிக்கெல்லாம் ஓரத்துல வெட்டுற துண்டுதான் போவும்" என்றார். நான் ஓரத்தில் தேய்த்தேன். மங்கியது. நடுவில் தேய்த்தேன். மங்கவில்லை. ஓவனில் ஒரு பக்கத்து வெப்பம் நடுவிலுள்ள அளவுக்கு இல்லை.

ஆண்கள் வைத்த பொட்டு

சாருக்கு அரை மனது. ஓவனை நிறுத்திப் பழுது பார்த்தால் அன்றைய உற்பத்தி போய்விடும். "விரல வச்சுத் தேச்சேன்னு சொன்னா முதலாளிகிட்ட நான் என்னம்மா சொல்ல?"

"நெத்தில வச்சுப் பாத்தோம்னு சொல்லுங்க சார்." இதைச் சொன்னது நானா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

ரோலின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்துக்கொண்டு மடவார் வளாகம் போனேன். பாக்கியம் அக்கா நடுத்துண்டில் பச்சைப் பொட்டும் ஓரத்துண்டில் மெரூன் பொட்டும் அடித்துக் கொடுத்தார். பசை ஒன்றுதான், துணியில் நிறம் மட்டும்தான் வேறு. மதியத்துக்குள் கம்பெனியில் இருந்த அத்தனை பேர் நெற்றியிலும் பச்சை ஒன்று, மெரூன் ஒன்று. சார், கணேசன் அண்ணன், டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும்தான். வேலை முடிந்து போகும்போது அவற்றை எடுத்துக் கழுவுமிடத்துக் கண்ணாடியில் அவரவர் பெயருக்கு நேரே ஒட்ட வேண்டும். சனிக்கிழமை காலை மறுபடி வைக்க வேண்டும்.

"என்னய்யா இது, கம்பெனியா கல்யாண வீடா?" என்று சார் சத்தம் போட்டார், நெற்றியைச் சுருக்காமல் கவனமாக.

சனிக்கிழமை டீ நேரத்துக்குள் மெரூன் பொட்டுகள் உதிரத் தொடங்கின. டிரைவரின் பொட்டு ஸ்டீயரிங்கில் கிடந்தது. வாட்ச்மேனின் பொட்டு அவருடைய டீயில் மிதந்தது. கணேசன் அண்ணன் தும்மினார், அதோடு அவருடையதும் போயிற்று. பச்சைப் பொட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. சார் கண்ணாடி முன்னால் நின்று தன் பச்சைப் பொட்டை இழுத்துப் பார்த்தார். "ஆவ்" என்றார். பிறகு திரும்பி, "கணேசா, ஓவன நிறுத்து" என்றார்.

அன்று மாலைக்குள் ஹீட்டரைச் சரிசெய்தார்கள். புது ரோலை ஓட்டியதும் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் நான் தேய்த்துப் பார்த்தேன். பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு முறை. ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்காவின் பெண்கள் விடுமுறை பார்க்காமல் பொட்டு அடித்தார்கள். திங்கட்கிழமை அட்டைகளோடு சாரே மதுரைக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்தது, நெற்றியில் பச்சைப் பொட்டு அப்படியே இருந்திருக்கிறது. பழக்கத்தில் காலையில் கண்ணாடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டாராம். வியாபாரி அட்டையைப் பார்க்கவில்லை, அவர் நெற்றியைத்தான் பார்த்தாராம். "எத்தன நாளா வச்சிருக்கீங்க?" "இது நாலாவது நாள்." ஆர்டர் உறுதியானது.

இப்போது எந்த வாடிக்கையாளர் வந்தாலும் முதலில் வழக்கமான கேள்விகளைக் கேட்பேன். கையால் உரிப்பீர்களா, மிஷினாலா? என்ன பசை? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? அதற்குப் பிறகு, உரித்தபின் மறுநாள் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரோலின் ஓரத்தைத் தேய்க்காமல் எந்தப் பேப்பரும் இப்போது எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டில் எல்லோரையும் தொந்தரவு செய்யும் என் சந்தேகப் புத்திக்கு ஒரு சம்பளம் கிடைத்திருக்கிறது என்று என் கணவர் சொல்கிறார்.

அந்த வாரக் கடைசியில் பாக்கியம் அக்காவிடமிருந்து இன்னொரு படம் வந்தது. அதே வெள்ளை நாய். நெற்றி நடுவில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு. கீழே குரல் பதிவு.

"ஏட்டி, ஒம் மக வச்சுட்டுப் போனாள்லா, அதப் பாத்து இங்க ஒருத்தி புதுப் பேப்பர்ல அடிச்சத வச்சுவிட்டா. நாயி சிலுப்பிப் பாக்கு, தரையில தேச்சுப் பாக்கு, ஒண்ணும் நடக்கல. இப்ப இத எப்படி எடுக்கதுன்னு சொல்லு."